முனைவர் சுடலைவடிவு தரைக்கு வந்தது

தாமிரபரணியின் வடகரையில், வாழைத் தோப்புகளுக்கு நடுவே ஒளிந்து கிடக்கிற நாணல்குறிச்சியில், ஊருக்கு வெளுத்துக் கொடுத்த மாசானத்தின் மகள் சுடலைவடிவு முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கிய காலையில், அவள் கால் தரையில் படவில்லை. படிக்கட்டிலிருந்து ஒரு காலை எடுத்து வைத்தாள், அது தரைக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுகொண்டது. மறுகாலை வைத்தாள், அதுவும் பக்கத்தில் போய் நின்றது. டீக்கடை ஆவுடையப்பன் டீயை ஆற்றிக்கொண்டே, "இம்புட்டுப் படிச்ச புள்ளைக்குக் கால் எப்படித் தரையில நிக்கும்" என்றார், அவர் சொல்லி முடிக்கவும் அவள் இன்னும் ஒரு விரற்கடை உயர்ந்தாள். வரவேற்க வந்த கூட்டத்தில் யாரும் திகைக்கவில்லை. மாலையோடு வந்தவர் கல் ஒன்றைத் தேடிப் புரட்டிப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று மாலையைப் போட்டார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஊர் அவளைப் படித்தவள் படித்தவள் என்று சொல்லச் சொல்ல அவள் உயர்ந்துகொண்டே போனாள், ஊரும் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டே வந்தது. மாசானத்தின் வீட்டு நிலைவாசலை இடித்து ஒரு முழம் கூட்டிக் கட்டினார்கள். கீழத்தெருவில் தாழ்ந்து கிடந்த கரண்டுக் கம்பியை, பத்து வருஷமாக மனு கொடுத்தும் அசையாத கம்பியை, லைன்மேன் தானாக வந்து இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். பிளஸ் டூ பரீட்சை நாட்களில் பிள்ளைகள் வரிசையாக வந்து அவள் பாதத்துக்கு அடியில் குனிந்து, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய், அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். தலைமையாசிரியர் ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, தன் குதிகாலும் செருப்புக்குள் லேசாக எழும்பியதாகச் சொல்லிக்கொண்டார், யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஊர் எல்லையில் இருந்த வாய்க்கால் பாலத்தைக் காலையில் பஸ் தாண்டியதும் அவள் மிதப்பு போய்ச் சீட்டில் இறங்கிவிடுவாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி அவள் வேலை பார்த்த வேளாண் கல்லூரியில் அவளைப் போல இருபது முனைவர்கள் இருந்தார்கள், யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அங்கே அவள் கால் சிமெண்டுத் தரையில் அழுத்தமாகப் பதிந்து நடந்தது. சாயங்காலம் பாலத்தைத் தாண்டியதும் சீட்டை விட்டு உடம்பு எழும்பும், கண்டக்டர், "டாக்டரம்மா, கம்பியப் பிடிச்சுக்கோங்க" என்பார்.

ஊர் அவளிடம் எல்லாவற்றையும் கேட்டது. வாழை விவசாயிகள் சங்கத் தலைவர் தெய்வநாயகம் தன் பம்புசெட் மோட்டார் ஏன் புகைகிறது என்று கேட்டார். ஆவுடையப்பன் தன் பேரனின் இருமலுக்கு எந்த மருந்து வாங்கலாம் என்று கேட்டார். பாகப்பிரிவினையில் வடக்கு வரப்பு யாருக்குச் சேரும் என்று அண்ணனும் தம்பியும் கேட்டார்கள். ஒரே ஒரு தடவை, மோட்டார் விஷயத்தில், அவள் "எனக்கு அது தெரியாதுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். தெய்வநாயகம் கையெடுத்துக் கும்பிட்டு, "பெரிய படிப்பு படிச்சவங்களுக்குத்தாம்மா இந்த அடக்கம் வரும்" என்றார், அவள் நாலு விரற்கடை ஒரேயடியாக உயர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் தெரியாது என்று சொல்வதை விட்டுவிட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சொன்னதை அவர்கள் செய்தார்கள். மேலே இருப்பது கொஞ்சம் சுகமாகவும் இருந்தது என்பதை அவள் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷத்தில் அவள் ஒன்றேகால் முழ உயரத்தில் இருந்தாள். அப்போதுதான் வாழை வாட ஆரம்பித்தது.

முதலில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகின, பிறகு காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோலத் தொங்கின, பிறகு தண்டு அடியில் வெடித்தது, பிறகு குலை தள்ளாமலே மரம் சாய்ந்தது. தெற்கே நாலு தோப்பு, மேற்கே ஆறு தோப்பு என்று அது பரவிக்கொண்டிருக்க, ஊர் பதறவே இல்லை. "நம்மகிட்டதான் டாக்டர் இருக்காகளே" என்றது. இவ்வளவு படித்தவளை வைத்துக்கொண்டு வாழை நோய்க்கு எவன் பயப்படுவான் என்று சொல்லி, மருந்தும் அடிக்காமல், மரத்தையும் வெட்டாமல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் வாடிய மரத்தின் வேரும் மண்ணும் கேட்டாள். மரியாதைக்குரியவளுக்கு அழுக்கைக் கொடுப்பதா என்று அவர்கள் வேரைத் தேய்த்துக் கழுவி, மண் துளி ஒட்டாமல், தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இலை கேட்டால் உள்ளதிலேயே நல்ல இலையாகப் பார்த்து அறுத்து வந்தார்கள். கடைசியில் அவளே தோப்புக்குப் போனாள். மரத்தின் அடிமூடு கீழே எங்கேயோ கிடந்தது. ஒன்றேகால் முழ உயரத்தில் காற்றில் குப்புறப் படுத்துக் கையை நீட்டியும் விரல் நுனிக்கு மண் எட்டவில்லை. தோள்பையில் கல்லை நிரப்பிப் பார்த்தாள், பைதான் கனத்தது.

அந்தத் தோப்பில் கடப்பாரையால் பக்கக் கன்று அறுத்துக்கொண்டிருந்த பேச்சிக்கனி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு வரைக்கும் வடிவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷமாகக் கூலிக்கு வாழை வேலை பார்க்கிறவள்.

"என்னட்டி செய்யுத?" என்றாள் பேச்சிக்கனி.

"எந்த வேர்னு நானே தொட்டுப் பாத்து மண்ணு எடுக்கணும். எட்ட மாட்டேங்குது. காலப் பிடிச்சு இழுத்துப் பாக்கியா?"

பேச்சிக்கனி பாரையைப் போட்டுவிட்டு வந்து இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தன் முழுக் கனத்தையும் கொடுத்துத் தொங்கினாள். அசையவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "நானும் ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அப்படி நீ என்னதான் படிச்ச?"

பட்டம் வாங்கி வந்த இரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை ஊரில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"வாழையோட வேர்ல ஒரு பூஞ்சை உண்டு. அதப் படிச்சேன். பதினோரு வருஷம்."

"ஒரே ஒரு பூஞ்சையவா?"

"ஒண்ணே ஒண்ணு. அதுலயும் பாதிதான் பிடிபட்டுச்சு."

"அப்போ மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் உனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும். வாழை வேலையில உன்னைவிடக் கம்மி."

பேச்சிக்கனி சிரிக்கவில்லை. "இத ஊர்ல சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் வடிவு அப்பாவிடம், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் தான் பேசப்போவதாகவும், பேசி முடிக்கும்போது ஒருவேளை தன் கால் தரையில் இருக்கும் என்றும் சொன்னாள். மாசானம் இஸ்திரிப்பெட்டியைக் கல்லின்மேல் நிமிர்த்தி வைத்தார்.

"வேண்டாம் தாயி" என்றார். "மேலத்தெருவுல நான் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நடந்திருக்கேன், எங்க அப்பனும் அப்படித்தான் நடந்தாரு. அந்தத் தெருவுல நீ கால் படாமப் போற. வாசல்ல நின்னு அவுக அண்ணாந்து பாக்காக. இத நான் காசு குடுத்து வாங்க முடியுமா? நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இப்படியே இரு."

"வாழை செத்துக்கிட்டு இருக்குப்பா."

"சாகட்டும். நமக்கு ஒரு மரம் உண்டா அதுல?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் தோப்பு வேலை நின்றுபோனால் பேச்சிக்கனி வீட்டில் அடுப்பு எரியாது என்பதும், இந்தத் தெருவில் பாதி வீடு வாழைக்கூலியில்தான் சாப்பிடுகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். "நான் பேசத்தான் போறேன்பா" என்றாள். அவர் இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடத்து முற்றத்தில் ஊர் கூடியது. தெய்வநாயகம் மைக்கை உயர்த்திப் பிடிக்க ஒரு நீளக் கம்பு ஏற்பாடு செய்திருந்தார். வடிவு மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதலில் அவரைப் பார்த்தே ஆரம்பித்தாள்.

"ஐயா, உங்க மோட்டாருக்கு நான் சொன்னது எனக்குத் தெரிஞ்சு சொன்னது இல்ல. எனக்கு மோட்டாரப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் சொன்னபடி செஞ்சு காயில் கம்பி எரிஞ்சு போச்சு, நீங்க கரண்டு மேல பழியப் போட்டுட்டீக. தப்பு என்னுது."

தெய்வநாயகம் கம்பைச் சுவரில் சாய்த்தார். அவர் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார், வடிவு இரண்டு விரற்கடை இறங்கினாள்.

"ஆவுடையப்பண்ணே, உங்க பேரனுக்கு நான் சொன்ன மருந்து டிவி விளம்பரத்துல பார்த்தது. அவன் மூணு வாரம் கஷ்டப்பட்டான். நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லியிருக்கணும்."

ஆவுடையப்பன் எழுந்து நின்றார், திரும்ப உட்கார்ந்தார். அவள் இன்னும் இறங்கினாள். வடக்கு வரப்பைப் பற்றித் தான் வாய்க்கு வந்தபடி சொன்னதைச் சர்வேயர் சொன்னதுபோல நம்பி அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்பதைச் சொன்னாள், பெயர் கேட்டுத் தூக்கி வந்த பிள்ளைகளுக்கு அகராதியைப் பார்க்காமலே பெயரும் அர்த்தமும் சொன்னதைச் சொன்னாள், மழை எப்போது வரும் என்று சொன்னதைச் சொன்னாள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, நாள் சொல்லி, தன் வாயால் திரும்ப எடுத்துக்கொண்டாள், ஒவ்வொருவர் மனசிலும் அவள் இறங்க இறங்க அந்த முற்றத்துக் காற்றிலும் இறங்கினாள், யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து "நிறுத்துட்டி, போதும்" என்று கெஞ்சினாள், யாரோ "எங்கள இம்புட்டு நாளா ஏமாத்தியிருக்கா" என்றார்கள், அவள் நிறுத்தவில்லை.

"நான் படிச்சது ஒரு பூஞ்சை. பதினோரு வருஷம் அத மட்டும் படிச்சேன். நம்ம தோப்புல வந்திருக்கிறது அதுதானா, வேறயான்னு எனக்குத் தெரியாது. தோண்டிப் பாக்கணும். தோண்டணும்னா நான் தரையில நிக்கணும். அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன்."

கூட்டம் கலைந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. அந்த ஒரு விரற்கடை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. முற்றத்தின் கடைசியில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாசானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. மூன்று நாளும் அவள் தோப்புக்குப் போனாள். கை மண்ணுக்கு எட்டியது. ஆனால் பாரையை ஓங்கிக் குத்தக் கால் ஊன்ற வேண்டும், ஊன்றக் கீழே தரை வேண்டும், ஒரு விரற்கடை காற்றில் நின்று குத்தினால் பாரை போகாமல் அவள்தான் பின்னால் போனாள். பேச்சிக்கனி தோண்டிக் கொடுத்ததை வாங்கிப் பார்த்தாள்.

நாலாம் நாள் காலையில், வாடிய மரத்தின் கிழங்கு ஒன்றை வீட்டு முற்றத்தில் வைத்து அவள் அரிவாளால் பிளந்துகொண்டிருந்தபோது, மாசானம் வந்து எதிரில் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"உன்னை நான் பதினோரு வருஷம் படிக்க வச்சேன்" என்றார். "நீ என்ன படிக்கேன்னு ஒரு நாளும் கேட்டது இல்ல. அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால நீ சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. எனக்கும் காட்டு."

அவள் கிழங்கைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செம்பழுப்பாக நூல் நூலாக ஓடியிருந்தது. இதுதான் மரத்துக்குத் தண்ணீர் ஏறுகிற பாதை என்றாள், பூஞ்சை இதற்குள் புகுந்து அடைத்துவிடும், காலடியில் தண்ணீர் கிடந்தும் மரம் தாகத்தில் சாகும் என்றாள். அவர் விரலால் அந்தக் கோடுகளைத் தொட்டார். வேட்டியில் ஏறிய கறை எது, எதில் போகும், எதில் போகாது என்று ஐம்பது வருஷமாகப் பார்த்த கண்ணால் அதை நெடுநேரம் பார்த்தார்.

"இது நீ படிச்சதுதானா?"

"கறையப் பார்த்தா அதுதான். லேபுல வளர்த்துப் பார்த்துட்டுத்தான் உறுதியாச் சொல்லணும்."

"சரி. நம்ம ஊருக்குள்ள இது எப்படி வந்துச்சு?"

"தெரியலப்பா."

"பதினோரு வருஷம் படிச்சும் தெரியலையா?"

"இது புத்தகத்துல இருக்காதுப்பா. இந்த ஊருல, இந்த மண்ணுல தேடினாத்தான் தெரியும். எப்படித் தேடணும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

மாசானம் கிழங்கை அவள் கையில் திரும்ப வைத்தார். "அப்போ போய்த் தேடு" என்றார். அவள் குதிகால் முற்றத்து மண்ணில் இறங்கியது. மண் குளிர்ந்திருந்தது. அவர் அவள் பாதத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாற்பது நாள் அவளும் பேச்சிக்கனியும் தோப்பு தோப்பாகத் தோண்டினார்கள். கல்லூரிக்கு லீவு எழுதிப் போட்டாள். எந்த மடையிலிருந்து எந்த மடைக்குத் தண்ணீர் பாயும், எந்த வயலுக்கு எந்த வாரம் முறை என்பது பேச்சிக்கனிக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல வடிவு படம் வரைந்தாள். வாட்டம் தண்ணீர் போன வழியே போயிருந்தது. மேட்டில் ஒரே ஒரு தோப்பு மட்டும் கணக்கில் சேராமல் நின்றது, அந்தத் தண்ணீர் அங்கே ஏறவே ஏறாது. இரண்டு நாள் அதில் தலையை முட்டிக்கொண்ட பிறகு பேச்சிக்கனி, "தண்ணி ஏறாது. நான் ஏறுனேன்லா, பாரையோட" என்றாள். கீழே கன்று அறுத்த அதே பாரையைக் கழுவாமல் கொண்டுபோய் மேட்டுத் தோப்பிலும் அறுத்திருந்தாள். அவள் பாரையைத் தன்னைவிட்டுத் தள்ளி வைத்தாள். வடிவு, "உன்கிட்ட யாரும் சொல்லல. சொல்ல வேண்டியவ மேல மெதந்துகிட்டு இருந்தா" என்றாள்.

வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனதில் அது தெய்வநாயகத்தின் புதுத் தோப்பில் போய் நின்றது, வெளியூரிலிருந்து நடவுக்காக லாரியில் அவர் இறக்கிய கன்றுக்கட்டையில். லேபில் வளர்த்துப் பார்த்தபோது, அது வடிவு பதினோரு வருஷம் பார்த்த அதே முகம்தான். நோய் பிடித்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. வாடின தோப்பையெல்லாம் எரித்து, வாழையை நிறுத்தி, தண்ணீர் கட்டி மூன்று வருஷம் நெல் போட வேண்டும், பாரையும் காலும் மருந்துத் தண்ணீரில் நனையாமல் ஒரு வரப்பைக்கூடத் தாண்டக் கூடாது.

இதை அவள் தரையில் நின்றுகொண்டு சொன்னாள், தரையில் நிற்கிறவள் சொல்வதை ஊர் கேட்கவில்லை. "அன்னைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னவ, இன்னைக்கு மூணு வருஷம் வாழை வேண்டாங்கா" என்று டீக்கடையில் பேசினார்கள். உயரத்தில் இருந்தபோது அவள் சொன்ன பொய்யைக் கேட்டுச் செய்தவர்கள், இப்போது அவள் சொன்ன மெய்யைச் செய்ய மறுத்தார்கள். வடிவுக்கு ஒருநாள் முழுக்க அழுகை வந்தது, அழுதாள், மறுநாள் கல்லூரியிலிருந்து ஒரு மைக்ராஸ்கோப்பை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, தோப்பு வரப்பில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தாள். யாரையும் நம்பச் சொல்லவில்லை. அவரவர் தோப்புக் கிழங்கை அவரவரே பிளக்கச் சொன்னாள், அவரவரே கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னாள், முதலில் நல்ல கிழங்கை, அப்புறம் வாடின கிழங்கை. ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்தார்கள், ஒரு நாள் யாருமே வரவில்லை, அன்றும் அவள் வெயிலில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள். ஆவுடையப்பன் வந்தார், பார்த்தார், மறுநாள் டீக்கடையைப் பூட்டிவிட்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் மூன்று தடவை வந்தார்.

தெய்வநாயகம் ஐப்பசி பிறந்த பிறகுதான் வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "இது என் தோப்புலேருந்து வந்ததுதானா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"எனக்குத் தெரியாதே."

"எனக்கும் அப்போ தெரியாது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை அவருடைய புதுத் தோப்பில் புகை எழும்பியது. மற்றவர்கள் அந்தப் புகையை இரண்டு நாள் பார்த்தார்கள், மூன்றாம் நாள் தங்கள் தோப்புகளுக்குள் இறங்கினார்கள். வாடின மரமெல்லாம் சாம்பலான பிறகு கீழ்ப்பத்து வயல்களில் தண்ணீர் கட்டினார்கள். நாற்று நடக் கூலிக்கு ஆள் போதாமல் பக்கத்து ஊரிலிருந்தும் வந்தார்கள், பேச்சிக்கனி வரப்பு வரப்பாக நின்று ஒவ்வொருவர் காலையும் மருந்துத் தொட்டியில் நனைத்த பிறகே உள்ளே விட்டாள். அந்த மேட்டுத் தோப்புக்கு மேற்கே இருந்த முப்பது ஏக்கர் வாழை கடைசிவரைக்கும் வாடவில்லை.

அடுத்த தையில், ஆற்றுக்குத் தென்கரையிலிருந்து, வேட்டியை மடித்துக் கட்டின மூன்று விவசாயிகள் நாணல்குறிச்சிக்கு வந்தார்கள். அவர்கள் ஊரிலும் அடி இலை மஞ்சளாக ஆரம்பித்திருந்தது. வரப்பில் உட்கார்ந்து மகளுக்குச் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டிருந்த மாசானத்திடம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "இங்க ரொம்பப் படிச்சவங்க ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்க காலடியில கேட்டா எல்லாத்துக்கும் பதில் கிடைக்கும்னு சொன்னாங்க" என்றார்கள்.

தூரத்தில் நெல்லுக்கு நடுவே முழங்கால் சேற்றில் இரண்டு பெண்கள் குனிந்திருந்தார்கள். மாசானம் அவர்களைப் பார்த்தார், வந்தவர்களைப் பார்த்தார்.

"படிச்சவதான். என் மக" என்றார். "ஆனா எல்லாத்துக்கும் பதில் சொல்ல மாட்டா. தெரிஞ்சாச் சொல்லுவா, தெரியலன்னா உங்க ஊருக்கே வந்து தோண்டுவா, உங்களையும் கூடத் தோண்டச் சொல்லுவா. அதுக்குச் சம்மதம்னா செருப்பக் கழத்தி அந்தத் தொட்டியில காலை நனைச்சுட்டு எறங்குங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.